ஃபோல்ட்ஸ்கோப்: வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளின் கோடைக்கு ஒரு காகித நுண்ணோக்கி

ஏப்ரல் பாதி தாண்டியதும் ஹோம்ஸ்கூலிங் வீடுகளில் நாளின் ஒழுங்கே மாறிவிடும். காலை ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட முடியாது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ எழுதும் மூத்த பிள்ளை இருந்தால், என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) தேர்வின் ஒரு சுற்று ஏப்ரல், மே மாதங்களில் வரும் என்பதால் வீட்டில் சத்தம் போடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டாயிற்று, அவர்களும் வந்துவிடுவார்கள். பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை ஒரே கூரைக்குள் நாலைந்து பேர். அதே நேரத்தில் அடுப்படியில் மாவடு ஊறுகிறது, மொட்டைமாடியில் வடாம் காய்கிறது, வேப்பம்பூவை உதிர்த்துத் துணியில் பரப்பியிருக்கிறது. இந்த ஐந்து மணி நேரத்துக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்கலாம் என்றால் எங்கள் பரிந்துரை ஃபோல்ட்ஸ்கோப். வேலை தருவதும் சொல்லித் தருவதும் இதில் அதிகம். ஆனால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரியாமல் வாங்கினால் மூன்றாம் நாளே டிராயருக்குள் போய்விடும்.

முதலில் கருவியைப் பற்றி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபல்ஸ்கியும் சேர்ந்து உருவாக்கியது. மனு பிரகாஷ் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். வடிவமைப்பை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2014-இல் வெளிவந்தது. தாளை மடித்துச் செய்யும் உடல், நடுவில் மிளகைவிடச் சின்னதாக ஒரு கோள லென்ஸ், ஃபோன் கேமராவோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சில காந்தங்கள், அவ்வளவுதான். உருப்பெருக்கம் 140 மடங்கு. ஏறத்தாழ 2 மைக்ரான் அளவுள்ள விவரம் வரை பிரித்துக் காட்டும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரானுக்குள் இருக்கும். பொருட்செலவு ஒரு டாலருக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் வடிவமைத்தவர்களின் இலக்கு. துணைப்பொருள்கள் சேர்ந்த கிட்டாக வாங்கும்போது விலை அதைவிடக் கூடும். என்றாலும் உருப்படியான ஒரு கூட்டு நுண்ணோக்கிக்கு (ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ்கள் கொண்ட, ஆய்வகத்தில் இருக்கும் வகை) ஆகும் பல ஆயிரம் ரூபாயோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை.

கிட் பொதுவாக இரண்டு விதமாக வருகிறது. வகுப்புகளுக்கென மொத்தமாக வருவதில் நுண்ணோக்கியும் ஒன்றிரண்டு அடிப்படைப் பொருள்களும்தான் இருக்கும். தனிநபர் கிட்டில் சிறிய எல்.ஈ.டி. விளக்கு, இடுக்கி, சொட்டுக்குழாய், பார்க்கும் பொருளை வைக்கும் ஸ்லைடுகள், அதன்மேல் மூடும் மெல்லிய மூடுதாள்கள், சல்லடை மாதிரியான துணைப்பொருள்கள் சேர்ந்து வரும். ஒரே வீட்டுக்கு என்றால் தனிநபர் கிட்டை வாங்குங்கள். காரணம் எல்.ஈ.டி. விளக்குதான், மற்றவற்றை வீட்டிலேயே திரட்டிவிடலாம். கோடையில் சன்னல்களைச் சாத்தி, திரை போட்டு, வீட்டை இருட்டாக்கித்தான் சூட்டைத் தணிக்கிறோம். அந்த இருட்டில் விளக்கில்லாத ஃபோல்ட்ஸ்கோப் உதவாது.

பாகங்களை அட்டைத் தாளிலிருந்து பிய்த்து எடுத்து, மடித்து, செருகிப் பொருத்த வேண்டும். பெரியவர்களுக்கு இருபது நிமிடம், பத்து வயதுப் பிள்ளைக்கு முக்கால் மணி நேரம். அவசரப்பட்டுப் பெரியவர்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். பொருத்தியவருக்குத்தான் எந்த அடுக்கை இழுத்தால் எது அசையும் என்று புரியும். பிறகு ஃபோகஸ் வராதபோது அழாமல் சரிசெய்வதும் அந்தப் பிள்ளைதான். கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. மடிப்புக் கோடு ஒவ்வொன்றையும் செருகுவதற்கு முன்பே நகத்தால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். அரைகுறையாக மடித்தால் தட்டு உப்பி நிற்கும், படம் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். அடுத்து, காந்தம் ஒட்டும் இடம். லென்ஸின் நடுவும் காந்த வளையத்தின் நடுவும் ஒன்றாக இல்லாவிட்டால் ஃபோனில் படம் பிறைநிலா மாதிரி வெட்டுப்பட்டுத் தெரியும். ஒட்டும்முன் வெளிச்சத்தைப் பார்த்து ஓட்டை வட்டமாகத் தெரிகிறதா என்று சரிபாருங்கள்.

பயன்படுத்தும் விதம்: ஸ்லைடைச் செருகி, இரண்டு கையாலும் பிடித்து, லென்ஸைக் கண்ணருகே, புருவம் உரசும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கட்டைவிரல்களால் தட்டைத் தள்ளினால் பார்க்கும் இடம் நகரும். ஃபோகஸ் பட்டையை மெல்ல இழுத்தால், தள்ளினால் தெளிவு வரும். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ ஃபோகஸிலேயே சரியாகிவிடும். கூட்டு நுண்ணோக்கியில் படம் தலைகீழாகத் தெரியும். இதில் ஒற்றை லென்ஸ் என்பதால் நேராகவே தெரியும். 1670-களில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக் குளத்துநீரில் உயிர்களைக் கண்டதும் இப்படிப்பட்ட ஒற்றை லென்ஸ் கருவியில்தான்.

இனி, முக்கால்வாசி ஏமாற்றங்களுக்குக் காரணமான விஷயம். வெறும் கண்ணால் தெளிவாகப் பார்க்கக் கூடிய குறைந்தபட்ச தூரம் 250 மி.மீ. என்று வைத்துக்கொண்டு அதை 140-ஆல் வகுத்தால் லென்ஸின் குவியத் தூரம் கிட்டத்தட்ட 1.8 மி.மீ. வருகிறது. கோள லென்ஸில் இந்தத் தூரத்தைக் கோளத்தின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். ஆரத்தைக் கழித்தால் லென்ஸின் மேற்பரப்புக்கும் பார்க்கும் பொருளுக்கும் நடுவே மிஞ்சுவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். (ஏழாவது, எட்டாவது நிலையில் இருக்கும் பிள்ளையிடம் இந்தக் கணக்கையே கொடுங்கள். அன்றைய கணிதமும் முடிந்தது.)

இதிலிருந்து மூன்று முடிவுகள் வருகின்றன. கண்ணாடி ஸ்லைடின் தடிமன் 1 மி.மீ. ஆகவே ஸ்லைடைத் திருப்பிப் போட்டால் எவ்வளவு இழுத்தாலும் ஃபோகஸ் வராது. மூடுதாள் இருக்கும் பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். மூடுதாளின் தடிமன் 0.17 மி.மீ. என்பதால் அது இடைஞ்சல் செய்யாது. அடுத்தது, எறும்பை முழுசாக வைத்தால் எறும்பு தெரியாது, கறுப்பாக ஒரு மேகம்தான் தெரியும். காலையோ கொம்பையோ தனியே வைத்தால் ஒவ்வொரு மயிரும் தெரியும். மூன்றாவது, வெளிச்சம் பொருளுக்குப் பின்னாலிருந்து அதை ஊடுருவித்தான் கண்ணுக்கு வருகிறது. ஊடுருவ முடியாத தடிமன் உள்ள எதுவும் இந்தக் கருவிக்கு ஆகாது. மெல்லிசாக எடுக்கக் கற்றுக்கொள்வதுதான் ஃபோல்ட்ஸ்கோப்பைக் கற்றுக்கொள்வது. கருவியின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன் ஸ்லைடைப் பாருங்கள்.

ஆரம்பிக்கச் சிறந்தது சின்ன வெங்காயம். மாவடு போட்டிருக்கும் வீடாக இருந்தால் இன்னும் பொருத்தம். மாவடு ஏன் சுருங்குகிறது, ஜாடியில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்கத்தான் போகிறார்கள். பதில் வெங்காயத்தில் கண்ணால் பார்க்கும்படி இருக்கிறது. காய்ந்த சருகுத் தோலை உரித்துவிட்டு, சதைப்பற்றான முதல் இதழின் வெளிப்பக்கத்தில், ஊதா நிறம் நன்றாக இருக்கும் இடமாகப் பார்த்து, பிளேடால் மேலோட்டமாக ஒரு கீறல் போடுங்கள். இடுக்கியால் அந்த ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு உரிந்து வரும். நாலைந்து மி.மீ. சதுரம் போதும். சவ்வோடு வெள்ளைச் சதை ஒட்டிக்கொண்டு வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி உரியுங்கள். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன்மேல் சவ்வு, சுருக்கமில்லாமல். மூடுதாளை ஒரு ஓரம் தொட வைத்து, சாய்வாக மெதுவாக இறக்க வேண்டும். நேராகத் தொப்பென்று வைத்தால் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். கறுப்பு வளையம் போட்டது போல் கச்சிதமான வட்டமாகத் தெரிவதெல்லாம் குமிழ்தான். முதல் வாரத்தில் பிள்ளைகள் "செல் கிடைத்துவிட்டது" என்று குதிப்பது பெரும்பாலும் இந்தக் குமிழைப் பார்த்துத்தான்.

சவ்வு சரியாக இருந்தால் சாயம் எதுவுமே வேண்டாம். செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி நீள நீளமாகச் செல்கள், ஒவ்வொன்றும் விளிம்பு வரை ஊதாவாக நிறைந்து தெரியும். இப்போது 100 மி.லி. தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கல்லுப்பைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடை வெளியே எடுத்து, மூடுதாளின் ஒரு ஓரத்தில் உப்புநீர் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பரைத் தொட்டு வைத்தால், அது பழைய தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே வரும். மறுபடி செருகிப் பாருங்கள். சில நிமிடங்களுக்குள் ஊதா நிறம் செல்லின் சுவரைவிட்டு விலகி, நடுவில் ஒரு திரளாகச் சுருங்கி நிற்கும். சுவர் மட்டும் அப்படியே இருக்கும். செல்லுக்குள் இருந்த தண்ணீர் வெளியே போய்விட்டது. ஜாடியில் நிற்கும் தண்ணீரும் அப்படித்தான் வந்தது. உடனே நல்ல தண்ணீரை அதே வழியில் செலுத்தினால் பல செல்கள் மறுபடி உப்பி எழும். பிளாஸ்மோலிசிஸ் என்ற சொல்லை இதற்குப் பிறகு சொல்லிக் கொடுங்கள், முன்னால் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அவரவர் ஆழத்தில் செய்யக்கூடிய பரிசோதனை இது. பல வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சொல்லித் தரும் வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

உப்பு இதில் அதிகமாகிவிட்டால் சுருக்கம் ஒரேயடியாக நடந்துவிடும், நடக்கும்போது பார்க்க முடியாது, செல்லும் திரும்பாது. எதுவுமே நடக்கவில்லையென்றால் பெரும்பாலும் டிஷ்யூவைச் சரியாகத் தொட்டு வைக்கவில்லை என்று பொருள்.

கோடைக்கே உரிய ஒரு தொல்லை: தண்ணீர்ச் சொட்டு நிற்காது. மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே மூடுதாளுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், உள்ளே இருக்கும் உயிர்களும் போய்விடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், அல்லது மூடுதாளின் நான்கு ஓரத்திலும் தீக்குச்சி முனையால் வாஸ்லின் தடவி அடைத்துவிடுங்கள். இந்தத் தொல்லையை அப்படியே லாபமாக்கலாம். உப்புநீர்ச் சொட்டை மூடாமல் வைத்து, அது காயும்போதே பார்த்தால் ஓரத்திலிருந்து சின்னச் சின்னச் சதுரங்கள் முளைத்து வளர்வது தெரியும். சர்க்கரைத் தண்ணீர் இப்படிச் சீக்கிரம் படிகமாகாது, பாகாகவே நிற்கும். ஏன் என்று கேட்டு அந்த மத்தியானத்தை ஓட்டலாம். மூடாத சொட்டு லென்ஸைத் தொட்டுவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அடுத்து, வறண்ட பாசி (மாஸ் எனப்படும் சுவர்ப்பாசி). எங்களைக் கேட்டால் இந்தக் கருவி வாங்கியதற்கு இது ஒன்றே போதும். காம்பவுண்டுச் சுவரிலும் மாடித் தண்ணீர் வடியும் குழாயடியிலும் போன மழைக்கு வளர்ந்து, இப்போது கறுத்து மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும் பாசியைக் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்த்து எடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது. சின்னக் கிண்ணத்தில் பாசியை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் அதே தண்ணீரில் பிழிந்து, பத்து நிமிடம் படியவிட்டு, அடியிலிருந்து ஒரு சொட்டு எடுங்கள். மண் துகள்களுக்கு நடுவே அட்டைப்பூச்சி மாதிரி நீண்டும் சுருங்கியும் நகரும் ஓர் உயிர் பெரும்பாலும் கிடைக்கும். ஓரிடத்தில் காலை ஊன்றிக்கொண்டு தலையை விரித்தால் இரண்டு சக்கரம் சுழல்வது போல் தெரியும். அதுதான் ரோட்டிஃபர். சுழல்வது சக்கரமில்லை. வட்டமாக அமைந்த நுண்மயிர்கள் அலையடிக்கும்போது கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. இந்த வகை உயிர்கள் முற்றிலும் உலர்ந்துபோய், மாதக்கணக்கில் உறங்கி, தண்ணீர் பட்டதும் எழுந்துவிடும். கத்திரி வெயில் காய்ந்த சுவரில் உயிர் இருந்தது என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் எட்டுக் காலோடு மெதுவாக ஊரும் நீர்க்கரடியும் (டார்டிகிரேடு என்ற மிகச் சிறிய உயிர்) கிடைக்கும். ஆனால் கிடைத்தே தீரும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் சொட்டில் ஒன்றும் இல்லையென்றால் ஐந்து சொட்டுப் பாருங்கள். ஐந்திலும் இல்லையென்றால் வேறு இடத்துப் பாசி எடுங்கள். மூடுதாளின் எடையே உயிர்களை நசுக்கிவிடும் என்பதால் நாலைந்து பஞ்சு இழைகளைச் சொட்டில் போட்டு அதன்மேல் மூட வேண்டும். தாளும் தூக்கி நிற்கும், வேகமாக ஓடும் உயிர்களும் இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிதானமாகும்.

குளம், ஏரி பக்கத்தில் இருந்தால் வைக்கோல் ஊறலும் வைக்கலாம். ஒரு கைப்பிடி வைக்கோலைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியதும் அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் குளத்துநீர் சேர்த்து, துணியால் மூடி நிழலில் வைத்தால் மூன்று நான்கு நாளில் பாரமீசியம் போன்ற ஒற்றைச்செல் உயிர்கள் பெருகும். நம் வெயிலுக்கு அதற்கு மேல் வைத்தால் நாற்றம் தாங்காது. பால்கனியில் வையுங்கள். கொசு முட்டையிடாதபடி துணியை இறுகக் கட்டுங்கள், பார்த்து முடித்ததும் கொட்டிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கொசுப்புழு பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: வளர்ந்த புழு இதற்குத் தடிமன். பொரித்து ஒரு நாளான சின்னப் புழுவின் வால் குழாயைப் பார்க்கலாம். வீட்டில் கொசு வளர்க்கும் பரிசோதனை மட்டும் வேண்டாம். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க இந்தச் சூட்டில் ஒரு வாரம், பத்து நாள் போதும்.

உலர்ந்தவற்றில் மகரந்தம் எளிது. பளபளப்பான ஒட்டுநாடாவைச் செம்பருத்தியின் மகரந்தத்தில் ஒருமுறை தொட்டு எடுத்து ஸ்லைடில் ஒட்டினால் முள்முள்ளாக உருண்டைகள் தெரியும். பக்கத்தில் வேப்பம்பூ மகரந்தத்தையும் மாம்பூவையும் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள், அளவிலும் வடிவத்திலும் எவ்வளவு வேறுபாடு என்று தெரியும். ஒட்டுநாடாவில் மங்கலான வகை உதவாது. எழுதுவதற்கு ஏற்ற அந்த வகையின் சொரசொரப்புதான் படத்தில் தெரியும்.

இலைத்துளை பார்க்க இலையையே வெட்ட வேண்டியதில்லை. செம்பருத்தி அல்லது ரியோ செடி (அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் அழகுச்செடி) இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சை நகம் அளவுக்குத் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால் இலையின் அச்சு அப்படியே வந்துவிடும். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கத்திலும் இரண்டு காவல் செல்கள், உதடு மாதிரி. காலை எட்டு மணிக்கு ஓர் அச்சு, தண்ணீர் ஊற்றாத செடியில் மத்தியானம் ஒரு மணிக்கு ஓர் அச்சு எடுத்து, திறந்திருக்கும் துளைகளை எண்ணிப் பார்க்கச் சொன்னால் நல்ல ஒரு வாரப் பாடம் கிடைக்கும். பூச்சைத் தடியாகத் தடவினால் காயாது, உரிக்கும்போது நூல் நூலாக இழுக்கும். மயிர் அடர்ந்த இலைகளில் அச்சு சரியாக விழாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், ஃபோல்ட்ஸ்கோப்பில் எதிர்பார்க்கக் கூடாதவை. தயிரில் பாக்டீரியா தெரியுமா என்பது எல்லா வீட்டிலும் முதல் நாளே வரும் கேள்வி. தெளிவாகத் தெரியாது. தயிர் பாக்டீரியாக்களின் அகலம் ஒரு மைக்ரான் அளவுதான், இந்த லென்ஸின் எல்லைக்குக் கீழே. தெரிவது கொழுப்புத் துளிகளும் கட்டியான பால் புரதமும். அதை பாக்டீரியா என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். இட்லி மாவிலும் அதே கதை, மாவுச்சத்து மணிகள்தான் தெரியும். மாவுச்சத்து பார்க்க உருளைக்கிழங்கு நல்லது. வெட்டிய பக்கத்தை ஊசியால் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைத்தால் சிப்பி மாதிரி மணிகள் பளிச்சென்று தெரியும். மருந்துக்கடைப் போவிடோன் அயோடினைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து அதில் ஒரு துளி செலுத்தினால் நீலக்கறுப்பாக மாறும்.

படத்தின் நடுப்பகுதி மட்டும்தான் கூர்மையாக இருக்கும், ஓரம் மங்கும். கோள லென்ஸின் இயல்பு அது, பழுதில்லை. கையில் பிடிப்பதால் படம் ஆடும். முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொள்ளப் பழக்குங்கள். ஆறு வயதுக்குக் கீழே ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பார்ப்பதே பெரும்பாடு, அவர்களுக்கு ஃபோனில்தான் காட்ட வேண்டும். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர் துணை வேண்டும். பத்துக்கு மேல் தனியாக விட்டுவிடலாம். இன்னொன்று, 140 மடங்கு என்பது சில சமயம் மிக அதிகம். எதைப் பார்க்கிறோம் என்றே பிள்ளைக்குப் புரியாமல் போகும். அதனால் பத்து மடங்கு கைலென்ஸ் ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள். முதலில் வெறும் கண், பிறகு கைலென்ஸ், கடைசியில் ஃபோல்ட்ஸ்கோப் என்று இறங்கிப் போனால்தான் வெங்காயத்துக்கும் செல்லுக்கும் உள்ள தொடர்பு மனதில் நிற்கும். மேல்நிலை உயிரியல் எடுக்கும் பிள்ளைக்குச் செய்முறைத் தேர்வில் இருப்பது கூட்டு நுண்ணோக்கி. அதைக் கையாளும் பழக்கத்தை இது தராது, தனியாக ஏற்பாடு செய்யத்தான் வேண்டும்.

ஃபோனில் பொருத்தும்போது: ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். மூன்று நான்கு கேமரா உள்ள ஃபோன்களில் எந்த லென்ஸ் வேலை செய்கிறது என்பதை ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். ஜூம் செய்யும்போது ஃபோன் தானாக வேறு லென்ஸுக்குத் தாவிவிட்டால் திரை கறுத்துவிடும், ஜூமைக் குறைத்தால் திரும்ப வரும். ஒளிப்படத்தைவிடப் பத்து விநாடிக் காணொளி நல்லது. கை ஆடினாலும் அதிலிருந்து தெளிவான ஒரு காட்சியைப் பிடித்துவிடலாம். ஆனால் நாலைந்து பிள்ளைகள் கூடியிருக்கும்போது ஃபோனைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். முதலில் ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்து வரையட்டும். நோட்டில் வளையலை வைத்து ஒரு வட்டம் போட்டு, அதற்குள் தெரிந்ததை மட்டும், தெரிந்த அளவில் வரைந்து, பக்கத்தில் நாள், நேரம், எங்கே எடுத்தது, சாயம் சேர்த்ததா என்று எழுதினால் போதும். ஃபோன் முதலில் வந்துவிட்டால் யாரும் வரைய மாட்டார்கள், வரையாதவர் கண்ணில் பாதி விவரம் படாது.

அளவு தெரிய வேண்டுமென்றால் தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்திலேயே 0.20 மி.மீ. என்று தடிமன் போட்டிருக்கும். ஒரு சின்னத் துண்டை மாதிரிக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே அளவுகோல். நரம்பின் அகலத்தில் மகரந்தம் எத்தனை அடங்கும் என்று பார்த்து வகுத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாதவை இரண்டு. வெளிச்சத்துக்காகச் சூரியனை நோக்கி ஃபோல்ட்ஸ்கோப்பைப் பிடிக்கவே கூடாது. லென்ஸ் வழியாகச் சூரியன் கண்ணில் பட்டால் விழித்திரை பாதிக்கப்படும். கோடையில் மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு ஓடும் பிள்ளைகளிடம் இதை முதல் நாளே, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வெயில் விழும் வெள்ளைச் சுவரோ சூரியனுக்கு எதிர்ப்பக்க வானமோ போதும், வீட்டுக்குள் எல்.ஈ.டி. விளக்கு. மற்றொன்று, காந்தம். ஒன்றுக்கு மேற்பட்ட சிறு காந்தங்களை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடற்சுவரைத் துளைத்துவிடக் கூடும். தவழும், நடக்கத் தொடங்கிய குழந்தை இருக்கும் வீட்டில் கிட்டை உயரத்தில் வையுங்கள், பார்த்து முடித்ததும் காந்தங்களை எண்ணிப் பெட்டியில் போடுவதை ஒரு வழக்கமாக்குங்கள். பிளேடும் மூடுதாளும் பெரியவர் கையில் இருக்கட்டும். விரலைக் குத்தி ரத்தம் பார்க்கும் யோசனை யாருக்காவது வரும். வேண்டாம்.

ஒன்று வாங்குவதா, இரண்டா? இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் இரண்டு வாங்குங்கள். ஒருவர் பார்க்கும்போது மற்றவர் காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில்தான் சண்டை தொடங்குகிறது. இரண்டு இருந்தால் ஒன்றில் வெங்காயம் நல்ல தண்ணீரில், இன்னொன்றில் உப்புநீரில் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தே ஒப்பிடலாம். விலையுயர்ந்த ஒரு நுண்ணோக்கியில் இது முடியாது.

பராமரிப்பு அதிகமில்லை. தாள் தண்ணீர் தெறித்தால் ஊறிப்போகும் வகை இல்லை. துடைத்துவிட்டு நிழலில் உலர்த்தினால் போதும். வெயிலிலோ, மூடிய காருக்குள்ளோ விட்டுவிடாதீர்கள், ஒட்டுப்பகுதிகளின் பசை இளகும். படம் எங்கும் பனி மூடியது போல் இருந்தால் லென்ஸில் வியர்வையோ இமை எண்ணெயோ பட்டிருக்கிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் லேசாக நனைத்து ஒரு சுற்று, உலர்ந்த குச்சியால் இன்னொரு சுற்று. விரலால் துடைத்தால் மோசமாகும். நாள்பட்டு ஃபோகஸ் பட்டை தளர்ந்து, வைத்த இடத்தில் நிற்காமல் வழுக்கினால், பட்டையை வெளியே எடுத்து மடிப்புகளை மறுபடி அழுத்திவிட்டு, அது ஓடும் இடத்தில் ஓர் ஓரமாக ஒட்டுநாடாவை ஒரே ஓர் அடுக்கு ஒட்டிச் செருகுங்கள். பிடிப்பு திரும்ப வந்துவிடும். இரண்டு அடுக்கு ஒட்டினால் பட்டை நகரவே நகராது.